சம்பளம் வாங்காத வாத்தியார்

2023 ஆகஸ்ட்டில் சென்னையில் வீடு மாறினேன். பழைய முதுகுப்பையை உதறியபோது அடியிலிருந்து ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் விழுந்தது. உள்ளே ஒரு பிறப்புச் சான்றிதழ், அசல். ஒரு ரேஷன் அட்டை நகல். அப்பாவின் சாதிச் சான்றிதழ் நகல். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மூன்று. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, சிரிக்கக்கூடாது என்று யாரோ சொல்லி உட்கார வைத்த முகம். கொல்லிமலையில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த ஐந்தாம் வகுப்புப் பெண்.

அவளுடைய அப்பா அந்த ஃபைலை என்னிடம் கொடுத்தது பிப்ரவரி மாதம். உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்க வேண்டும், பழங்குடிச் சான்றிதழுக்கு மனு போட வேண்டும். "நீங்க அலைய வேணாம்ணா. நானே எழுதறேன். மே மாசம் நானே கூட்டிட்டுப் போய்ச் சேத்துவிடறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். பத்தே நாளில் சென்னையில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. உடனே சேரச் சொன்னார்கள். மலையை விட்டு இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் என்றால் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் போயிருக்கும். அவள் எங்கேயும் சேரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. என் போன் நம்பர் அவளுடைய அப்பாவிடம் இருந்தது. ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட ஏன் அவர் என்னைக் கூப்பிடவில்லை?

*

நான் கொல்லிமலைக்குப் போனது 2022 ஜூனில். இன்ஜினியரிங் முடித்து, இரண்டு வருடம் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ராத்திரி ஷிஃப்ட் பார்த்து, 'உருப்படியா ஏதாவது செய்யணும்' என்ற அரிப்பு வந்த பலரில் நானும் ஒருவன். ஒரு தொண்டு நிறுவனம் தன்னார்வ ஆசிரியர்களைத் தேடிக்கொண்டிருந்தது. சம்பளம் கிடையாது. அடுத்த ஏப்ரல் வரை, ஒரு கல்வியாண்டு முழுக்க இருக்க வேண்டும். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல்முறை போகிறவர்கள் பாதி வழியில் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மேலே ஏறியதும் இது மலைதானா என்று சந்தேகம் வரும்படி நிலம் விரியும். மரவள்ளிக் காடு, வாழை, பலா, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, பள்ளத்தில் நெல். மலையில் மொத்தம் 14 ஊராட்சிகள். ஒவ்வொன்றும் ஒரு நாடு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று போகும். அந்தக் கணக்கில் நான் வெளிநாட்டுக்காரன்தான்.

அங்கே இருக்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாக அவர்களிடம் வழிவழியாக ஒரு கதை உண்டு. மொழி ஒன்றுதான் என்பதால் நான் வெளியாள் என்பதே எனக்குப் பல மாதம் உறைக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரன் வியட்நாமில் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தால், தனக்கு அந்த ஊர் புரியவில்லை என்பதாவது அவனுக்குத் தினமும் புரியும். எனக்கு அந்த வசதி இல்லை. எல்லாமே புரிவது போல இருந்தது.

என் நாள் இப்படிப் போகும். காலையில் குளிரில் எழுந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் வரக்காப்பி. ஒன்பது மணிக்குப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஆகவே என்னை நான்கும் ஐந்தும் சேர்ந்து உட்காரும் அறைக்கு அனுப்பினார்கள். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும்; கரும்பலகையில் எழுதியது கடைசி வரிசைக்குத் தெரியாது. மதியம் சத்துணவு. ராத்திரி ஏதாவது ஒரு வீட்டிலிருந்து களியோ சோறோ வந்துவிடும். சாமைச்சோறு முன்பெல்லாம் தினச் சாப்பாடு, இப்போது விசேஷத்துக்குத்தான் என்று ஒரு பாட்டி சொன்னார். மரவள்ளி போட்டால் ஜவ்வரிசி ஆலைக்கு விற்றுக் காசு பார்க்கலாம், சாமை போட்டால் குத்துவதற்கே ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. மிளகு பறிக்கிற சமயத்தில் வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். வந்தவர்களின் கையில் மிளகு வாசனை அடிக்கும்.

குடியிருந்த அறைக்கு வாடகை கொடுக்கப் போனேன். வீட்டுக்காரர் வாங்கவில்லை. "சம்பளம் வாங்காம புள்ளைங்களுக்குச் சொல்லித்தரீங்க. உங்ககிட்டப் போய் வாடகை வாங்கறதுங்களா?" எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை அன்றைக்கே கொஞ்சம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

*

அதே ஊரில் இன்னொரு ஆசிரியர் இருந்தார். அவரை யாரும் ஆசிரியர் என்று சொல்லமாட்டார்கள். பிளஸ் டூ முடித்து, அதே ஊரில் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்ற ஒரு அக்கா. கொரோனாவால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் அவர் தன்னார்வலர். மாசம் 1,000 ரூபாய். காட்டு வேலை முடிந்து வந்து, சாயங்காலம் தன் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகளை உட்கார வைப்பார்.

நான் அவருக்கு 'உதவி செய்ய' போனேன். அட்டைகள் செய்தேன், எழுத்துகளை ஒலி ஒலியாகச் சேர்த்து வாசிக்கும் முறையைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். ஒருநாள் ஒரு அம்மா வந்து திண்ணையின் முன்னால் நின்று கத்தினார். தன் பையனுக்கு இன்னும் வாய்ப்பாடு வரவில்லையாம். "மாசமானா ஆயிரம் ரூவா வாங்கறல்ல? என்னத்த சொல்லித்தர?" அக்கா பதிலுக்குக் கத்தினார். அரைமணி நேரம் நடந்தது. மறுநாள் அதே பையனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து ஏழாம் வாய்ப்பாட்டைத் தொண்டை கட்டும்வரை சொல்ல வைத்தார்.

நான் ஆறுதலாக, "ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு பேச்சு கேக்கணுமாக்கா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒன்று சொன்னார்:

"கேட்டாதான் சார் ஆச்சு. காசு வாங்கறேன்ல. அதனால என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. உங்ககிட்ட வரமாட்டாங்க. அந்தப் பையனுக்கு பகல்ல கணக்கு நீங்கதான் எடுக்கறீங்க."

அது எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனால் அன்றைக்கு அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். குத்தியதை நகைச்சுவையாக மாற்றிக்கொள்ள வெளியூர்க்காரனால் முடியும். அவன் மறுநாள் திண்ணையின் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

*

சம்பளம் வாங்காத வேலை உயர்ந்தது என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித்தருகிறார்கள். திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரம் மழையில்தான் தொடங்குகிறது. மழை பதிலுக்கு எதையும் எதிர்பார்ப்பதில்லை. உதவி அப்படி இருக்க வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அழகாக இருந்தது. மலையில் இருந்த ஒன்பது மாதத்தில் மழையின் இன்னொரு குணமும் தெரிந்தது. மழையை யாரும் எதுவும் கேட்க முடியாது. வந்தால் வந்தது, வராவிட்டால் வானத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மழையாக இருப்பது மழைக்கு வசதி. வள்ளுவர் அங்கே உதவியைக் கடமை என்றுதான் சொல்கிறார், தயவு என்று சொல்லவில்லை. நான்தான் கடமையை விட்டுவிட்டு மழையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மாஸ் 1925ல் கொடை பற்றி எழுதிய நூலில், திருப்பித் தர முடியாத கொடை வாங்கியவரைத் தாழ்த்திவிடுகிறது என்கிறார். ஊரில் இதற்குத் தத்துவம் தேவையில்லை. மொய் நோட்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். திருப்பிச் செய்ய முடியாத மொய்யை வாங்கினால் தலை நிமிர்ந்து பேச முடியாது. நான் அந்த ஊருக்கு அப்படியொரு மொய்யை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இதில் ஒரு பொய்யும் இருக்கிறது. நான் சம்பளம் வாங்கவில்லை என்பது உண்மையே இல்லை. வாடகை இல்லாமல் இருந்தேன், அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றேன். சென்னை வேலைக்கான நேர்காணலில் 'வித்தியாசமா ஏதாவது செஞ்சிருக்கீங்களா?' என்று கேட்டபோது கொல்லிமலையைத்தான் சொன்னேன். மூடுபனி, 70 வளைவு, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எதிரே இருந்தவர்களின் முகம் மலர்ந்தது. வேலை கிடைத்தது. ஆக நல்ல சம்பளம் வாங்கியிருக்கிறேன். சம்பளத்தோடு வருகிற பதில் சொல்லும் பொறுப்பை மட்டும்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

இது நான் மட்டும் செய்த தப்பு இல்லை. என் கல்லூரி நண்பன் ஒருவன் வியட்நாமுக்குத் தன்னார்வ ஆசிரியராகப் போனான். அதற்கு அவன் ஒரு ஏஜென்சிக்குக் கட்டணம் கட்டினான். பணம் கட்டுகிறவர்தான் வாடிக்கையாளர். அப்படியென்றால் அங்கே திருப்திப்படுத்தப்பட வேண்டியவன் அவன். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இல்லை. அவனைப் பற்றிப் பிள்ளைகளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, பிள்ளைகளைப் பற்றி அவனிடம் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள்.

இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் மெக்சிகோவில் ஒரு உரை ஆற்றினார். மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்களின் கூட்டம் அது. அவர்கள் முகத்துக்கு நேராகவே, உங்கள் நல்லெண்ணம் யாருக்கும் வேண்டாம், வராதீர்கள் என்று சொன்னார். மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் கோரிக்கை. அதில் ஒரு இடம் எனக்கு அக்காவின் குரலிலேயே கேட்கிறது. ஏழைகளோடு வேலை செய்தே தீருவேன் என்றால், உங்களைப் பார்த்து 'போய்த்தொலை' என்று சொல்லக்கூடிய ஏழைகளிடமாவது போங்கள் என்கிறார் இல்லிச்.

இல்லிச்சோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்ற பள்ளியைப் பார்த்தவர்கள், 'யாரும் போகாதீர்கள்' என்று அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. நான் போனதால் சில பிள்ளைகள் படிக்கக் கற்றார்கள். அதைப் பொய்த்தன்னடக்கத்தோடு மறுக்க வேண்டியதில்லை. போகலாமா கூடாதா என்பதைவிட, போன இடத்தில் நம்மைத் திட்ட முடியுமா என்பதுதான் சரியான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.

*

கொல்லிமலையில் இந்தக் கேள்வியை எனக்கு முன்னால் வாழ்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1913ல் இந்த மலைக்கு வந்தார்கள். அப்போது 70 வளைவுகள் இல்லை. நடை, இல்லாவிட்டால் டோலி. மதம் பரப்ப வந்தவர்கள், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வந்த இடத்தில் மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். நரம்புச்சிலந்தி நோய் பரவாமல் இருக்கத் தண்ணீரை வடிகட்டவும் கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவும் ஜெஸ்ஸி சொல்லிக்கொடுத்தார்.

தியாகத்தின் செலவை யார் கொடுத்தது என்று பார்த்தால் கணக்கு சிக்கலாகிறது. மகன் பால், மகள் கோனி இருவரையும் 1923ல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. 1929ல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலில் இறந்தார். செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தன. இறந்த அப்பாவிடமிருந்து அந்தப் பையனுக்குச் சில வாரங்கள் கடிதம் வந்தபடி இருந்தது. பெரியவர்களின் தியாகத்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் பையிலிருந்தும் போகிறது, அவர்களைக் கேட்காமல்.

ஈவ்லினைச் சபை வேறு இடங்களில் வேலை செய்ய வைத்தது. ஓய்வு பெற்றதும், எழுபதை நெருங்கும் வயதில், அவர் தானாகவே கொல்லிமலைக்குத் திரும்பிவிட்டார். எழுபத்தைந்து வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்கத் தரையிலேயே கிடந்திருக்கிறார். காலையில் வேலையாள் பார்த்து, நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்துக் கீழே தூக்கி வந்தார்கள். மகன் வந்து போதும் என்று மன்றாடியும் அவர் கேட்கவில்லை. ஊன்றுகோல்களோடும் மட்டக்குதிரை மேலும் மலையில் சுற்றிக்கொண்டிருந்தார். 1974ல், 95 வயதில் இறந்தார். மலையிலேயே கணவர் பக்கத்தில் புதைத்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் அவர் கடைசிவரை இருந்தார் என்பதைவிட அந்தக் கயிற்றுக் கட்டில்தான் முக்கியம். தூக்கிவிட வந்தவரை ஊர் தூக்கியிருக்கிறது. அந்த நான்கு பேருக்கும் அதற்குப் பிறகு அவரிடம் உரிமையாகக் கோபப்பட முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மகன் பால் பிராண்ட் மருத்துவராகி வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவைசிகிச்சையில் சரிசெய்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். நரம்பு செத்துவிடுவதால் வலி தெரியாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், ஆணி குத்தினாலும் கை தெரியப்படுத்தாது. சின்னக் காயம் பெரிய காயமாகி விரல் போய்விடும். வலி ஒரு கொடை என்று பிற்காலத்தில் அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

நீல ஃபைலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. புகார் என்பது வலி. திண்ணையின் முன்னால் நின்று அந்த அம்மா கத்தியபோது ஒரு நரம்பு வேலை செய்தது. அதனால் பையனுக்கு ஏழாம் வாய்ப்பாடு வந்தது. எனக்கும் ஊருக்கும் நடுவில் அந்த நரம்பு இல்லை. நான் 'சும்மா' சொல்லிக்கொடுத்தே அதைக் கொன்றுவிட்டேன். ஒரு குழந்தையின் ஒரு வருடம் என் பைக்குள் கிடந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

*

ஃபைலை ஆகஸ்ட்டிலேயே பதிவுத் தபாலில் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமும் வைத்தேன். போன் செய்யத் தைரியம் வரவில்லை. 2024 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், நேரில் போனேன்.

அவளுடைய அப்பா பாறையில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். என் தப்புதான் என்று சொன்னேன்.

"அது பரவால்லீங்க சார்."

"ஏண்ணா எனக்கு ஒரு போன் பண்ணல?"

அவர் மிளகைக் கையால் துழாவிக்கொண்டே இருந்தார். "நீங்க சும்மா வந்து புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தவரு. உங்களைப் போயி எப்படிங்க கேக்கறது? பேப்பர் இல்லாம பள்ளிக்கொடத்துல போயி நிக்கவும் கூச்சமா இருந்துச்சு. சரி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

கிளம்பும்போது ஒரு கிலோ மிளகு கட்டிக்கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. வாங்கிக்கொள்ளவும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "அவரு திட்டமாட்டாரு சார். நான் திட்டறேன், உக்காருங்க" என்றார். நிஜமாகவே திட்டினார். ஏப்ரல்வரை இருப்பேன் என்று சொல்லிவிட்டு நடுவில் ஓடியதற்கு. போகிற அன்றைக்குப் பிள்ளைகளிடம் 'போயிட்டு வரேன்' என்று சொன்னதற்கு. தான் பாதி சொல்லிக்கொடுத்திருந்த முறையைக் கலைத்துவிட்டுப் புது முறையைப் பாதியில் விட்டதற்கு. "நீங்க போனப்புறம் ரெண்டு மாசம் நான் மறுபடி ஆனா ஆவன்னாலருந்து வந்தேன், தெரியுமா?" எனக்குத் தெரியாது. அவர் திட்டித்தான் தெரிந்தது. ஒன்பது மாதத்தில் அந்த ஊர் எனக்குச் செய்த மரியாதைகளில் பெரியது இதுதான்.

பிறகு அக்கா ஒரு நோட்டை எடுத்தார். சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் என்ன கொடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வைத்திருந்தார். "இதை நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணு செய்யுங்க. மாசம் ஒண்ணாந்தேதி எனக்குப் போன் பண்ணுங்க. பண்ணலன்னா நான் பண்ணித் திட்டுவேன்." அன்றைக்கு அவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார், சம்பளமும் நிர்ணயித்தார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண் 2024 ஜூனில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். ஒரு வருடம் தாமதம். அந்த ஒரு வருடத்தை யாராலும் திருப்பித்தர முடியாது. ஜனவரியில் நான் போயிருந்தபோது அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். வழக்கமாக எல்லோரும் கேட்கிற 'எப்ப வந்தீங்க சார்?' என்பதை அவள் கேட்கவில்லை.

"எப்பப் போறீங்க சார்?" என்றாள்.

"நாளைக்குக் காலைல, ஏழு மணி பஸ்ஸுக்கு" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். மறுநாள் ஏழு மணிக்கு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து, நான் ஏறுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போனாள்.